நிலையைக் கழற்றாமல்

ஐப்பசியில் இரண்டு மழை பிடித்துவிட்டால் அருப்புக்கோட்டைப் பக்கம் கதவுகள் முரண்டு பிடிக்கத் தொடங்கிவிடும். திருச்சுழி வரைக்கும் கரிசல் ஊர்களில் இதே கதைதான். மரம் ஈரத்தில் உப்புவது ஒரு காரணம். அதைவிடப் பெரிய காரணம் காலடியில் கிடக்கிறது. கரிசல் மண் தண்ணீர் குடித்தால் ஊதும். கோடையில் சுருங்கி, கை நுழைகிற அளவுக்கு வெடிக்கும். அதன்மேல் நிற்கிற சுவர் ஒரு பக்கம் ஏறும், ஒரு பக்கம் இறங்கும், நிலை கோணிக்கொள்ளும். வானத்தை ஆழமாகப் பறித்து, கிராவல் கொட்டிக் கெட்டித்துக் கட்டியவர்களுக்குத் தொல்லை குறைவு. அந்தக் காலத்தில் எத்தனை பேருக்கு அதற்கு வசதி இருந்தது?

பஜாரில் நெடுங்காலம் ஹார்டுவேர் கடை வைத்திருந்தவன் நான். தச்சர், கொத்தனார், எலக்ட்ரீசியன், தறிக்காரர் என்று எல்லோரும் வருவார்கள். வாலிபத்தில் எனக்குக் கருவி என்றால் கனமும் வேகமும்தான். கையில் எடுத்ததும் தோள் இறங்க வேண்டும், ஓடவிட்டால் தெருமுனைக்குக் கேட்க வேண்டும். வயதான ஆசாரிகள் கடைக்கு வந்தால் கால் அங்குல உளியை நகத்தில் வைத்துப் பார்த்து, அரை மணி நேரம் யோசித்து வாங்குவார்கள். இத்தனை சின்னச் சாமானுக்கு இத்தனை யோசனையா என்று அப்போது தோன்றும். பெரும்பாலான ரிப்பேர் சின்ன இடத்தில்தான் நடக்கிறது என்பது அவர்களுக்குத் தெரிந்திருந்தது.

ஒரு நெசவாளர் வீட்டு நிலைக்கதவைச் சொல்ல வேண்டும். வலது நிலைக்கால் அடியில் கரையான் ஏறி ஒரு சாண் உயரத்துக்கு மரம் உளுத்துப் போயிருந்தது. மேலே முழுக்க வைரம் பாய்ந்த தேக்கு. பார்க்க வந்தவர்கள் எல்லோரும் ஒரே தீர்ப்பைச் சொன்னார்கள்: நிலையைக் கழற்றிவிட்டுப் புதுசு போட வேண்டும். கழற்றுவது என்றால் சுவருக்குள் இருக்கும் கிளாம்புகளை உடைத்தெடுக்க வேண்டும். அது மண் சாந்தில் கட்டிய பழைய சுவர். நிலையை இழுத்தால் பூச்சு உதிரும், மேல்கட்டு தளரும். உள்ளே தறியில் பாவு ஓடிக்கொண்டிருக்கிறது. தூசி விழுந்தால் நூல் பாழ். தறியை நிறுத்தினால் கூலி போச்சு.

அந்த வீட்டு ஆத்தா சம்மதிக்கவில்லை. "அவுக செங்கோட்டைக்குப் போயி வாங்கியாந்த தேக்குய்யா. நான் கண்ண மூடுன பெறகு கழத்துங்க" என்று சொல்லிவிட்டார்.

கடைசியில் ஓர் இளம் தச்சர் வந்தார். துணைக்கு நானும் போயிருந்தேன். நிலைக்காலைத் தட்டித் தட்டி, ஒலி மாறுகிற இடத்தில் பென்சிலால் கோடு போட்டார். "ஆத்தா, நெலய அசைக்க மாட்டேன். கெட்டத மட்டும் எடுத்துட்டு நல்லத விட்டுருவேன்" என்றார். பையிலிருந்து எடுத்தது மல்டி டூல். கைக்கு அடங்குகிற மோட்டார், நுனியில் இரண்டு விரல் அகலத்துக்குத் தட்டையான பிளேடு. அதைச் சுவரோரமாகவே மரத்துக்குள் நேராக இறக்கினார். வட்ட பிளேடுக்கு அந்த மூலையில் இடமில்லை. கை ரம்பத்துக்கு முன்னும் பின்னும் ஓட வழியில்லை. இது நின்ற இடத்திலேயே நின்று வெட்டியது. உள்ளே ஒரு பழைய ஆணி வந்தது. சத்தம் மட்டும் மாறியது, பிளேடு அதையும் அறுத்துக்கொண்டு போனது. உளுத்த பகுதியை எடுத்து, நல்ல மரத்தில் பாதி கனத்துக்கு வெட்டு கொடுத்து, கரையான் மருந்து அடித்து, புதுத் தேக்குத் துண்டை ஏற்றி ஒட்டித் திருகாணி போட்டார். மரத்தூள் காலடியிலேயே விழுந்தது. தறி நிற்கவில்லை.

அந்தப் பிளேடு சுற்றுவதில்லை, ஆடுகிறது. நிமிடத்துக்கு 20,000 தடவை வரை, சில பாகை அளவுக்குள் இடமும் வலமுமாக ஆடும். கண்ணுக்கு நிற்பது போலத்தான் தெரியும். இந்தச் சூட்சுமம் ஆஸ்பத்திரியிலிருந்து வந்தது. என் பேத்திக்குக் கை முறிந்து, மாவுக்கட்டைப் பிரித்த அன்று அவள் கட்டு அறுக்கும் மிஷினைப் பார்த்து அலறினாள். டாக்டர் அதை ஓடவிட்டுத் தன் உள்ளங்கையில் மெல்ல வைத்துக் காட்டிய பிறகுதான் கையை நீட்டினாள். கட்டு கெட்டியாக இருப்பதால் பல் அதை அறுக்கிறது. தோல் இளகி அதோடு சேர்ந்து ஆடிவிடுகிறது. அமெரிக்க எலும்பு மருத்துவர் ஹோமர் ஸ்ட்ரைக்கர் 1940களில் இப்படி ஒரு மாவுக்கட்டு ரம்பத்தைச் செய்தார். ஜெர்மனியின் ஃபைன் நிறுவனம் 1967இல் தன் மாவுக்கட்டு ரம்பத்தைக் கொண்டுவந்தது. 1895இல் முதல் மின்சாரக் கைத் துளைப்பானைச் செய்ததும் அவர்கள்தான். 1980களில் அதே ஆட்டத்தை மரவேலைக்கும் வீட்டு வேலைக்கும் திருப்பினார்கள். பிறகு மற்றக் கம்பெனிகளும் செய்யத் தொடங்கின, விலை இறங்கியது, நம் ஊர்த் தச்சர் பைக்குள்ளும் வந்து சேர்ந்தது. ஒன்றை மட்டும் கவனமாகச் சொல்கிறேன்: தச்சரின் பிளேடு மாவுக்கட்டு பிளேடு அல்ல, பல் கூர்மையானது. உள்ளங்கையில் வைத்துப் பார்க்கக் கூடாது.

தரைக்குப் புதிதாக டைல்ஸ் ஒட்டுகிறவர்களுக்கு இந்த மல்டி டூல் பெரிய துணை. பழைய தரையின் மேலேயே ஒட்டினால் நிலைக்கால் இடிக்கும். ஒரு டைல்ஸ் துண்டைத் தரையில் வைத்து, அதன்மேல் பிளேடைப் படுக்கப் போட்டு அறுத்தால், அதே உயரத்துக்கு மரம் வெட்டுப்படும். டைல்ஸ் அடியில் நுழைந்துவிடும். எலக்ட்ரீசியன் பலகையில் சுவிட்சுப் பெட்டிக்குச் சதுரம் எடுக்கலாம். குளியலறையில் ஒரு டைல்ஸ் உடைந்தால், கார்பைடு பிளேடால் சுற்று இடுக்கைச் சுரண்டி அதை மட்டும் எடுக்கலாம். இதே வேலைகளுக்குப் பாதுகாப்பு மூடியைக் கழற்றிய கட்டிங் மெஷினைக் குனிந்தபடி பிடிக்கிறவர்களைப் பார்த்தால் எனக்கு இப்போதும் வயிற்றைக் கலக்கும். வட்டு சிக்கினால் மெஷின் கையை மீறித் துள்ளும். இதில் அந்தத் துள்ளல் அநேகமாக இல்லை.

வேகம் வேண்டுமென்றால் இது உதவாது. ஒரு பலகையை நீளவாக்கில் அறுக்க வட்ட ரம்பம்தான் சரி. இதில் அவசரப்பட்டு அமுக்கினால் ஆட்டம் குறையும், மரம் கருகும், பல் மழுங்கும். பிடித்துக்கொண்டால் போதும், அது தன் வேலையைச் செய்யும். ஆணி இருக்கும் மரத்துக்கு பைமெட்டல் பிளேடு, சாந்துக்கும் டைல்ஸ் இடுக்குக்கும் கார்பைடு. பிளேடு மாட்டுகிற துவாரம் கம்பெனிக்குக் கம்பெனி மாறும், ஆகவே வாங்கும்போது மிஷினையும் கையோடு கொண்டுபோவது நல்லது. நெடுநேரம் பிடித்தால் கை மரத்துவிடும். நடுவில் இறக்கி வைக்க வேண்டும். காதடைப்பும் கண்ணாடியும் முகக்கவசமும் கட்டாயம். கரண்டு இல்லாத காட்டு வீட்டுக்குப் போகிறவர்கள் பேட்டரி மிஷின் வாங்கினால் தவிக்க வேண்டாம்.

வீட்டுக்காரர்களிடம் எனக்கு ஒரு வேண்டுகோள் உண்டு. இந்தக் கருவியில் மிஷினைவிடப் பிளேடுதான் காசைத் தின்கிறது. ஆணி நிறைந்த ஒரு நிலைக்காலுக்கே ஒரு நல்ல பிளேடு தேய்ந்துவிடும். அதைத் தச்சர் தன் கூலியிலிருந்து போட்டால், அடுத்த வீட்டில் மழுங்கிய பிளேடை வைத்து அமுக்கத்தான் செய்வார், அல்லது நிலையையே கழற்றச் சொல்லுவார். கூலி பேசும்போதே பிளேடுக்குத் தனியாகப் பேசிவிடுங்கள். அந்த ஆத்தா அன்று கூலியைக் கொடுத்துவிட்டு, "பிளேடுக்கு எம்புட்டுய்யா?" என்று அவராகவே கேட்டார்.