200 மீட்டர் வாட்ச்சும் 35 அடி ஏரியும்

பாய் கடையில் வேலைக்குச் சேருகிறவனுக்கு முதலில் கிடைப்பது ஸ்ட்ராப் மாற்றும் வேலை. பிறகு செல். அதற்கப்புறம்தான் பேக் கவர், வாஷர், மெஷின் எல்லாம். கும்மிடிப்பூண்டியில் ஜிஎன்டி சாலையிலிருந்து சற்று உள்ளே தள்ளி இருக்கும் அந்தக் கடையில் நானும் இந்த வரிசையில்தான் பழகினேன். ஆனால் எந்த வேலை கையில் இருந்தாலும் கூடவே ஒரு பாடம் நடந்துகொண்டே இருக்கும்: வாட்ச்சைத் திறக்காமல் பார்ப்பது.

"கண்ணால பாக்குறதுக்கு முன்னாடி விரலால பாரு தம்பி" என்பார் பாய். சாவியைத் திருகும்போது விரலுக்கு நறநறவென்று ஏதாவது தட்டுகிறதா? கிளாஸைச் சுற்றியுள்ள பெசல் ஒவ்வொரு பல்லாக ஏறுகிறதா, நடுவில் வழுக்குகிறதா? செயினைப் பிடித்து ஆட்டினால் ஸ்பிரிங் பார் ஓட்டை அகன்றிருப்பது தெரிகிறதா? இவ்வளவையும் சொன்ன பிறகுதான் ஐ கிளாஸைக் கண்ணில் மாட்ட விடுவார்.

சிப்காட்டில் ஷிப்ட் முடிந்து வருகிற வாட்ச்களின் பெசல் இடுக்கில் கறுப்பாக ஒரு களிம்பு அடைந்திருக்கும். வியர்வையும் எண்ணெயும் இரும்புத்தூளும் சேர்ந்தது. பழைய இரும்பை இண்டக்‌ஷன் ஃபர்னஸில் உருக்கிக் கம்பி இழுக்கும் மில்கள் நிறைந்த பேட்டை இது. அந்தக் களிம்பை ஊசி முனையில் எடுத்துத் தாளில் வைத்து அடியில் காந்தத்தைக் காட்டினால் ஊர்ந்து போகும். கொஞ்ச நாளில் அழுக்கைப் பார்த்தே ஆள் எங்கே வேலை செய்கிறார் என்று சொல்லப் பழகிவிட்டேன். வெல்டர் வாட்ச் என்றால் கிளாஸில் புள்ளிப் புள்ளியாகத் தீப்பொறி ஒட்டிய வடு. பெயின்ட் வேலை என்றால் தின்னர் பட்டு வெளிறி வெடித்த ஸ்ட்ராப். பழவேற்காட்டு மீன்காரர் என்றால் செயின் கண்ணிகளில் உப்புப் பூத்திருக்கும்.

ரோலிங் மில் சூப்பர்வைசர் ஒருவர் தினமும் கட்டுவதற்கு டைவ் வாட்ச் வேண்டும் என்று வந்தார். முடிவு செய்ய முடியாமல் இரண்டைக் கொண்டுவந்திருந்தார். ஒன்று, பழைய வாட்ச்சாகக் கிடைத்த சீகோ எஸ்கேஎக்ஸ்007, ஆட்டோமேட்டிக். மற்றது கேசியோவின் ட்யூரோ, புதுசு, செல் வாட்ச். இரண்டின் டயலிலும் 200 மீட்டர் என்று இருந்தது. "நீயே பாத்துச் சொல்லு" என்று பாய் என் பக்கம் தள்ளிவிட்டார்.

இந்த 200 மீட்டரில்தான் எல்லோரும் மயங்குவது. நம் மாவட்டத்தில் இருக்கிற பூண்டி ஏரி நிரம்பினாலே 35 அடிதான், கிட்டத்தட்ட 11 மீட்டர். பழவேற்காடு ஏரியில் பல இடங்களில் ஆள் நடந்தே போகலாம். அப்புறம் எதற்கு 200 மீட்டர்? எண்ணுக்குப் பின்னால் இருக்கிற சோதனைக்காக என்று பாய் விளக்கினார். டைவ் வாட்ச்சுக்கென்று ஐஎஸ்ஓ 6425 என்று ஒரு தரம் இருக்கிறது. சொன்ன ஆழத்தைவிடக் கால் பங்கு கூடுதல் அழுத்தத்தில் வைத்துப் பார்க்க வேண்டும். 200 மீட்டர் வாட்ச் என்றால் 25 பார். உப்புத் தண்ணீர், அதிர்ச்சி, காந்தம், இருட்டில் முள் தெரிவது என்று பட்டியல் நீளும். எஸ்கேஎக்ஸ்007 அந்தத் தரத்துக்கு வந்த வாட்ச், 1996 வாக்கில் அறிமுகமானது. 2019இல் அதன் இடத்துக்கு வந்த சீகோ 5 ஸ்போர்ட்ஸ் பார்க்க அதே சாயல்தான். ஆனால் 100 மீட்டர், சாவியும் மரையில் இறுகாது. டயலைப் பார்த்து ஏமாறாமல் சாவியைத் திருகிப் பார் என்று பாய் ஏன் சொல்கிறார் என்பது எனக்கு அங்கேதான் பிடிபட்டது.

ஆனாலும் அந்தச் சோதனை வாட்ச் புதுசாக இருந்தபோது நடந்தது. வாஷர் ரப்பர்தானே. சூட்டிலும் வியர்வையிலும் சில வருடத்தில் இறுகித் தட்டையாகிவிடும். எங்கள் ஊரில் தண்ணீர் உள்ளே போவது முங்கும்போது இல்லை. ஃபர்னஸ் பக்கம் நின்று கேஸ் சூடேறிய கையோடு தொட்டித் தண்ணீரில் கைகழுவும்போதுதான். உள்ளே இருக்கும் காற்று சட்டென்று சுருங்கி, இளைத்துப்போன வாஷர் வழியாக ஈரத்தை இழுத்துக்கொள்ளும். இதற்கு ஒரு சோதனை உண்டு. வாட்ச்சை 40, 45 டிகிரிக்குச் சூடாக்கிக் கிளாஸ் மேல் ஒரு சொட்டுக் குளிர்ந்த தண்ணீர் விட வேண்டும். ஒரு நிமிடம் கழித்துத் துடைத்தால் உள்பக்கம் மூட்டம் கட்டியிருக்கக் கூடாது. ஐஎஸ்ஓ புத்தகத்தில் இருப்பதும் ஏறக்குறைய இதுதான். பாய் மேஜை விளக்கடியில் வைத்துச் செய்வார்.

இரண்டு வாட்ச்சிலும் மூட்டம் இல்லை. அடுத்து பாரிமுனையில் வாங்கிய பிரஷர் டெஸ்டர். கண்ணாடிக் குழாயில் பாதி தண்ணீர், மேலே தொங்கும் வாட்ச். பம்ப் அடித்துக் காற்றை ஏற்றி, வாட்ச்சைத் தண்ணீருக்குள் இறக்கி, மெதுவாகக் காற்றைத் திறந்துவிட வேண்டும். கேஸுக்குள் காற்று புகுந்திருந்தால் இப்போது குமிழாக வெளியே வரும். எங்களுடையது 6 பாருக்கு மேல் தாங்காது. அது போதும், ஒழுகுகிற வாட்ச் 2 பாரிலேயே காட்டிக்கொடுத்துவிடும்.

இரண்டிலும் குமிழ் வரவில்லை. ஆனாலும் பழைய வாட்ச் என்பதால் சீகோவைத் திறந்தே பார்க்க வேண்டும் என்றார் பாய். மூன்று கால் சாவி போட்டுத் திருகுவதற்கு முன் ரப்பர் பந்தை அழுத்தித் திருப்பிப் பார்ப்பது அவர் வழக்கம். அதற்கே கழன்றால் கவரில் கீறல் விழாது. உள்ளே நான் பார்க்க வேண்டியது மெஷினை இல்லை, வாஷர் உட்காரும் பள்ளத்தை. வியர்வை தேங்கித் தேங்கி அங்கே ஊசி குத்தியதுபோல் குழி விழும். குழி விழுந்த கேஸுக்குப் புது வாஷர் போட்டும் பயனில்லை. பழைய டைவ் வாட்ச் வாங்குகிற யாருக்கும் நான் முதலில் சொல்வது இதைத்தான். டயல் எவ்வளவு பளபளப்பு என்று பார்க்காதீர்கள், கடைக்காரரைக் கவரைக் கழற்றச் சொல்லுங்கள். இந்தப் பள்ளம் சுத்தமாக இருந்தது. புது வாஷருக்குச் சிலிக்கான் கிரீஸ் தடவி மூடினோம்.

காந்தம்தான் இங்கே பெரிய தொல்லை. ஸ்கிராப் யார்டில் கிரேனில் தொங்கும் வட்டக் காந்தம் பழைய இரும்பை டன் கணக்கில் தூக்கும். ஆட்டோமேட்டிக் வாட்ச்சின் மயிரிழை ஸ்பிரிங் காந்தம் ஏறிவிட்டால் சுற்றுகள் ஒன்றோடொன்று ஒட்டிக்கொள்ளும். வாட்ச் நாளுக்குப் பல நிமிடம் முந்தி ஓடும். "ஃபாஸ்ட் ஆவுது பாய்" என்று யார் வந்தாலும் பாய் மெஷினைத் தொடமாட்டார். பள்ளிக்கூடப் பிள்ளைகளின் திசைகாட்டி ஒன்று டிராயரில் கிடக்கும், அதன் மேல் வாட்ச்சை மெதுவாக நகர்த்துவார். முள் துள்ளினால் டீமேக்னடைசரில் வைத்து எடுத்துக் கொடுத்துவிடுவார். செல் வாட்ச்சும் காந்தத்துக்கு அடங்கி நின்றுபோகும். விலகியதும் தானே ஓடும், நேரத்தைத் திருத்தினால் போதும். ஐஎஸ்ஓ கேட்கிற காந்தத் தாங்குதிறன் மீட்டருக்கு 4,800 ஆம்பியர். வீட்டுப் புழக்கத்துக்கு அது சரி. ஸ்கிராப் காந்தத்துக்குப் பக்கத்தில் போகிறவருக்கு அந்த எண் எந்த உத்தரவாதமும் இல்லை.

ஆகவே ட்யூரோதான் என்றேன். மெல்லிசு, சாவி மரையில் இறுகுகிறது, காந்தம் பட்டாலும் பிழைத்துக்கொள்ளும், தொலைந்தாலும் நெஞ்சு வலிக்காது. பாய்க்கு இது பிடிக்கவில்லை. எச்எம்டி காலத்து ஆள் அவர். 17 ஜூவல் மெஷினை ஆயில் சர்வீஸ் செய்தே வாழ்க்கையை ஓட்டியவர். தண்ணீர் என்று சொன்னாலே பயப்படுகிற அந்த வாட்ச்களை, ஸ்ட்ராப்புக்குள் கைக்குட்டையை மடித்துச் செருகியே எங்கள் பக்கத்து ஆட்கள் இருபது வருடம் காப்பாற்றினார்கள் என்பார். அவருக்கு வாட்ச் என்றால் பிரித்துக் கோர்க்க முடிய வேண்டும்.

சூப்பர்வைசருக்கு எங்கள் வாதத்தில் அக்கறையில்லை. சீகோவின் சாவி நாலு மணி பக்கம் இருப்பதால் மணிக்கட்டை மடக்கும்போது குத்தவில்லை என்று கண்டுபிடித்திருந்தார். கிளவுஸ் போட்டும் போடாமலும் மாட்டிப் பார்த்தார். பெசலைத் திருப்பிப் பார்த்து, "இது ஏன் பாய் ஒரு பக்கம்தான் போவுது?" என்று கேட்டார். தண்ணீருக்கடியில் தெரியாமல் இடித்து நகர்ந்தாலும் மீதி நேரம் குறைவாகத்தான் காட்டும், கூட்டிக் காட்டாது என்று நான் சொன்னேன். "அப்ப டீ பிரேக்குல எங்க ஆளுங்களுக்கு நிமிஷம் குறையும்" என்று சிரித்தார். மனதில் முடிவாகிவிட்டது என்று தெரிந்தது.

செயின் வேண்டாம் என்று மட்டும் சொன்னோம். ஃபர்னஸ் எதிரில் இரும்பு சூடேறித் தோலைச் சுடும், ரப்பரில் வியர்வை ஊறும். 22 மில்லிமீட்டர் நைலான் பட்டை ஒன்று மாட்டினேன். ஒற்றைப் பட்டை என்பதால் ஒரு ஸ்பிரிங் பார் தெறித்தாலும் வாட்ச் கையிலேயே தொங்கும். "ரோலிங் ஸ்டாண்டுகிட்ட போறப்ப கழட்டிடணும் சார். மெஷின் இழுத்துச்சுன்னா அறுந்துபோற பட்டை இல்ல இது" என்று பாய் குரலை உயர்த்திச் சொன்னார். ஸ்கிராப் யார்டுக்குப் போகிற நாளில் லாக்கரிலேயே வைத்துவிட வேண்டும் என்று நான் சேர்த்துக்கொண்டேன். மாதத்தில் ஒருநாள் பழைய பல் பிரஷ்ஷும் சோப்புத் தண்ணீரும் கொண்டு பெசலைத் தேய்க்க வேண்டும், அதற்கு முன் சாவி மரை முழுசாக இறுகியிருக்கிறதா என்று பார்த்துக்கொள்ள வேண்டும். வாஷரைப் பார்க்க வருடா வருடம் ஐப்பசி மழைக்கு முன் வரச் சொல்லி, பில்லின் பின்பக்கத்தில் எழுதிக் கொடுத்தேன்.