மௌனம் அறியாமையன்று

கடல் கடந்து சென்று ஆசிரியப் பணி புரிந்தோர் தாம் கற்பித்தவற்றை எடுத்துரைப்பதே வழக்கம். நாமோ அங்கே கற்றுக்கொண்ட ஒன்றை இம்மலரில் பதிவு செய்ய விழைகின்றோம்.

நியூசிலாந்தில், ஆக்லாந்து மாநகரின் தென்பகுதிப் பள்ளியொன்றில் கணிதம் கற்பிக்கும் வாய்ப்பு நமக்குக் கிட்டியது. மாணவருள் பெரும்பாலோர் சமோவா, டோங்கா, குக் தீவுகள் முதலிய பசிபிக் தீவுகளைப் பூர்விகமாகக் கொண்ட பிள்ளைகள். பசிஃபிகா மாணவர் என்று அவர்களைக் குறிப்பிடுவர். இரண்டாம் உலகப் போருக்குப் பின் தொழிற்சாலை வேலை நாடிக் குடியேறியோர் பலரின் வழித்தோன்றல்கள் அவர்கள். 2023ஆம் ஆண்டின் மக்கள்தொகைக் கணக்கெடுப்பின்படி அந்நாட்டில் பசிபிக் மக்கள் 4,42,632 பேர். ஏறத்தாழ 9 விழுக்காடு.

பாடம் முடிந்ததும், "விளங்கிற்றா?" என வினவுவோம். எல்லாத் தலைகளும் அசையும். விடைத்தாள்களோ வேறு கதை சொல்லும். சமோவா மாணவி ஒருத்தி ஓராண்டு முழுதும் ஒரு வினாவும் எழுப்பவில்லை. 'ஆர்வமற்றவள்' என அவளது அறிக்கையில் எழுதினோம்.

பெற்றோர் சந்திப்பு நாளன்று, இரவுப் பணி முடித்த களைப்போடு அவள் தந்தையார் வந்தார். "என் மகள் தங்களிடம் மரியாதைக் குறைவாக நடந்தாளா ஐயா?" என்பதே அவரது முதல் வினா. "இல்லை, அவள் கேள்வியே கேட்பதில்லை" என்றோம். அவர் முகம் மலர்ந்தது. "மகிழ்ச்சி ஐயா. அப்படித்தான் வளர்த்திருக்கிறோம்" என்றார். நாம் குறையாகச் சொன்னது அவர் செவியில் புகழுரையாக விழுந்தது!

அதன் பின்னரே அம்மக்களின் பண்பாட்டை அறிய முற்பட்டோம். ஃபாஅலோஅலோ என்னும் மரியாதை, தௌதுவா என்னும் தொண்டு, ஆயிங்கா என்னும் விரிந்த குடும்பம். இவை சமோவா வாழ்வின் தூண்கள். மூத்தோரை மறுத்துப் பேசுதல் ஆகாது. 'விளங்கவில்லை' என்பது ஆசிரியரின் கற்பித்தலைக் குறைகூறுவதாகிவிடும். உடனிருப்போரை முந்திக் கொண்டு விடை சொல்வது தற்பெருமையாகிவிடும். கணித வகுப்போ, வினவு, மறு, நிறுவு என்கிறது. அப்பிள்ளை எதைக் காப்பாள், எதை இழப்பாள்?

இளமையில் மதரஸாவில் உஸ்தாதின் முன் தலை தாழ்த்தி அமர்ந்திருந்த நமக்கு, அந்த மௌனத்தின் பொருள் முன்னரே விளங்கியிருக்க வேண்டும். விளங்காமற் போனதே நம் பிழை.

மாஸ்ஸி பல்கலைக்கழகப் பேராசிரியர் ராபர்ட்டா ஹன்டர் குக் தீவு மரபில் வந்தவர். இச்சிக்கலை ஆராய்ந்து வழிகாட்டியவர். பண்பாட்டைக் களைந்தெறியாது, அதன்மீதே கணிதத்தைக் கட்டியெழுப்புவது அவரது நெறி. குழு ஒரு குடும்பம். அதில் ஒருவருக்கு விளங்காதவரை குழுவின் பணி முடிவதில்லை. குக் தீவுப் பெண்டிர் கூடியமர்ந்து தைக்கும் திவைவை என்னும் போர்வையின் கோலங்களும் சமச்சீர்மைப் பாடமாகும்.

மறு ஆண்டும் அம்மாணவி நம் வகுப்பிலேயே இருந்தாள். "ஐயம் எழுப்புவது அவமதிப்பன்று, உம் குழுவினருக்கு நீர் செய்யும் தொண்டு" என அனைவரிடமும் கூறினோம். சில வாரங்கள் மௌனமாகவே கழிந்தன. பின்னர் ஒருநாள் அவள் மெல்ல எழுந்து, "ஐயா, இந்த இரண்டாம் வரி எங்களுக்கு விளங்கவில்லை" என்றாள். 'எனக்கு' என்னாது 'எங்களுக்கு' என்றாள். அக்குடும்பப் பண்பு அவளை விட்டு அகலவில்லை. அதன் துணையோடுதான் அவள் வாய் திறந்தாள்.

முந்தைய ஆண்டின் அறிக்கையை நம்மால் மாற்ற இயலவில்லை. 'ஆர்வமற்றவள்' என்ற சொல் அதில் இன்றும் நம் கையெழுத்திலேயே இருக்கிறது. ஆசிரியப் பெருமக்களே, அத்தகைய சொல்லை எழுதுமுன் அப்பிள்ளையின் இல்லத்தை ஒருகணம் எண்ணிப் பாருங்கள். அந்த நல்லுணர்வை வல்ல இறைவன் நம் அனைவருக்கும் அருள்வானாக!