கூரை மேல் ஒரு வடிகட்டி

தொலைக்காட்சியில் செய்தி ஓடிக்கொண்டிருக்கிறது. திடீரென்று படம் சதுரம் சதுரமாக உடைகிறது. குரல் விட்டு விட்டுக் கேட்கிறது. பிறகு திரை இருண்டுவிடுகிறது. நேற்றுவரை பளிச்சென்று தெரிந்த சேனல்! ஆன்டெனா அசையவில்லை, வயரும் அறுந்துபோகவில்லை. சிக்னல் குறைந்துவிட்டது என்றுதான் யாருக்கும் தோன்றும். கடைக்குப் போய் இன்னும் சக்தியுள்ள பூஸ்டர் ஒன்றை வாங்கி மாட்டுவார்கள். படம் முன்பைவிட மோசமாகிவிடும்.

ஏன் இப்படி? அடுத்த தெருவில் புதிதாக எழும்பிய செல்பேசிக் கோபுரம்தான் காரணமாக இருக்கும்.

இதற்கு நல்ல உதாரணம் பிரிட்டன். அங்கே கூரை ஆன்டெனா வழியாகக் கட்டணம் இல்லாமல் கிடைக்கும் தொலைக்காட்சிச் சேவைக்கு ஃப்ரீவியூ என்று பெயர். 2012 அக்டோபரில் அனலாக் ஒளிபரப்பு முழுவதுமாக நிறுத்தப்பட்டது. டிஜிட்டலுக்குக் குறைந்த இடமே போதும் என்பதால், 790 மெகாஹெர்ட்ஸுக்கு மேல் இருந்த பகுதி 4ஜி செல்பேசிக்கு ஒதுக்கப்பட்டு, 2013 பிப்ரவரியில் ஏலம் போனது. அந்த ஏலத்தில் அரசுக்கு மொத்தம் 234 கோடி பவுண்டு கிடைத்தது.

சிக்கல் எல்லைக்கோட்டில் இருந்தது. தொலைக்காட்சியின் 60ஆம் சேனல் 790 மெகாஹெர்ட்ஸில் முடிகிறது. செல்பேசிக் கோபுரம் 791இல் தொடங்குகிறது. நடுவே ஒரே ஒரு மெகாஹெர்ட்ஸ் இடைவெளி! கூரையில் இருக்கும் பழைய ஆன்டெனாவுக்கு இந்தப் பாகப்பிரிவினை எப்படித் தெரியும்? அது இரண்டையும் வாங்கி உள்ளே அனுப்புகிறது. தொலைக்காட்சி நிலையமோ பல மைல் தொலைவில் இருக்கிறது. செல்பேசிக் கோபுரம் கூப்பிடு தூரத்தில் நிற்கிறது. பூஸ்டர் இரண்டையும் சேர்த்துப் பெருக்கப் பார்த்துத் திணறிப்போகிறது. அந்தத் திணறலில் மற்ற சேனல்களும் கெடுகின்றன.

இதற்கு மருந்து விரலளவு டப்பா ஒன்றுதான். 790க்குக் கீழே உள்ளதை விட்டுவிட்டு, மேலே உள்ளதைத் தடுக்கும் வடிகட்டி. மின்சாரம் கூடத் தேவையில்லை. ஆனால் அதை எங்கே மாட்டுகிறோம் என்பது முக்கியம். ஆன்டெனாவுக்கும் பூஸ்டருக்கும் நடுவில் மாட்ட வேண்டும். பூஸ்டருக்குப் பின்னால் மாட்டினால் பயன் இல்லை. பால் திரிந்த பிறகு வடிகட்டி என்ன லாபம்?

இங்கேதான் ஒரு கஷ்டம். பல வீடுகளில் பூஸ்டர் இருப்பது கூரை உச்சியில், ஆன்டெனாக் கம்பத்திலேயே. பகல் முழுவதும் தொலைக்காட்சியையே துணையாகக் கொண்டு தனியாக வாழும் ஒரு முதியவர் கூரை ஏற முடியுமா? அவர் 4ஜி கேட்டாரா?

பிரிட்டன் இதற்கு ஒரு நியாயமான வழி கண்டது. 800 மெகாஹெர்ட்ஸை ஏலத்தில் எடுத்த நிறுவனங்களே செலவை ஏற்க வேண்டும் என்பது நிபந்தனை. அதற்காக 18 கோடி பவுண்டு ஒதுக்கப்பட்டு, அட்800 என்ற அமைப்பு உருவானது. பாதிக்கப்பட்ட வீடுகளுக்கு வடிகட்டி இலவசமாகப் போய்ச் சேர்ந்தது. 75 வயதைக் கடந்தவர்களுக்கும் மாற்றுத்திறனாளிகளுக்கும் கூடுதல் உதவி கிடைத்தது. கடைசியில் பாதிக்கப்பட்ட வீடுகள் எதிர்பார்த்ததைவிட மிகக் குறைவு என்று தெரிந்தது. ஆனாலும் அந்த ஏற்பாடு வீண் என்று சொல்ல முடியாது. தொல்லை தருபவரே அதைத் தீர்க்கும் செலவையும் ஏற்க வேண்டும் என்பதை அது நடத்திக் காட்டியது.

கதை அத்தோடு முடியவில்லை. 2020 ஆகஸ்டில் பிரிட்டனில் தொலைக்காட்சி இன்னும் கீழே நகர்ந்து 694 மெகாஹெர்ட்ஸுக்குள் ஒதுங்கிக்கொண்டது. அதற்கு மேல் இருந்த 700 மெகாஹெர்ட்ஸ் பகுதியும் செல்பேசிக்குப் போனது. 790இல் தடுக்கும் பழைய வடிகட்டி இந்தப் புதிய அலைகளைத் தாராளமாக உள்ளே விட்டுவிடும்! அமெரிக்காவில் எல்லைக்கோடு இதைவிடக் கீழே, 608 மெகாஹெர்ட்ஸில் இருக்கிறது. ஆகவே வடிகட்டி வாங்குபவர்கள் தங்கள் நாட்டில் தொலைக்காட்சி எந்த மெகாஹெர்ட்ஸில் முடிகிறது என்று பார்த்து வாங்க வேண்டும்.

படம் உடைந்தால் முதலில் பூஸ்டரைக் கழற்றிவிட்டுப் பார்ப்பது நல்லது. படம் திரும்பி வந்தால், வேண்டியது வடிகட்டிதான். கோபுரங்கள் இன்னும் வரும், எல்லைக்கோடும் இன்னும் நகரலாம். ஒவ்வொரு முறையும் அந்த முதியவரின் கூரையில் யார் ஏறுவது என்பதையும் சேர்த்தே ஏலம் நடக்க வேண்டும்.