வீட்டுக்கு ஆறு சக்கரம்

அமெரிக்காக்காரனுக்கு வீட்டில் இருந்தால் வெளியே போகணும். வெளியே போனால் வீடு வேணும். இந்த இரண்டு ஆசையையும் ஒன்றாகப் பூட்டி அவன் செய்துகொண்ட சமாசாரத்துக்குப் பெயர் ஆர்.வி. முன்னால் லாரி முகம், பின்னால் ஒண்டுக்குடித்தனம். கட்டில், சோபா, காஸ் அடுப்பு, ஃப்ரிஜ், ஷவர், டாய்லெட் எல்லாம் 25 அடி நீளத்துக்குள். டிரைவர் தலைக்கு மேல் ஒரு பரண்; அதில் இரண்டு பேர் படுக்கலாம், உட்கார முடியாது. சாப்பாட்டு மேஜையை இறக்கினால் அது இன்னொரு கட்டில். கடைசி ஆள் மோர் சாதம் முடிக்கும்வரை ஒருத்தருக்குத் தூக்கம் கிடையாது!

ஐயோவா மாநிலத்தில் ஃபாரஸ்ட் சிட்டி என்கிற சின்ன ஊரில் 1958-ல் ஆரம்பித்த கம்பெனி வின்னபேகோ. நாம் எந்த மெஷினில் காப்பி எடுத்தாலும் 'ஜெராக்ஸ்' என்கிற மாதிரி, இங்கே பல பேருக்கு இந்த வண்டி ஜாதி முழுக்க 'வின்னபேகோ'தான். நான் இருக்கிற கலிஃபோர்னியாவில் 40 அடி நீளம் வரை சாதாரண கார் லைசென்ஸே போதும். கார் ஓட்டத் தெரிந்தவனுக்கெல்லாம் வீடு ஓட்டவும் தெரியும் என்று அரசாங்கமே நம்புகிறது. ரிவர்ஸ் எடுக்கும்போதுதான் அந்த நம்பிக்கை ஆட்டம் காணும்.

போன வருஷம் ஜூலையில் ஊரிலிருந்து அப்பாவும் அம்மாவும் வந்திருந்தார்கள். மூன்று நாள் லீவில் ஓர் ஆர்.வி.யை வாடகைக்கு எடுத்தேன். ராத்திரிக்கு இவ்வளவு, மைலுக்கு இவ்வளவு, ஜெனரேட்டர் ஓடினால் மணிக்கு இவ்வளவு. நம்ம ஊர் டூரிஸ்ட் டாக்ஸி கணக்கேதான். டிரைவர் பேட்டா மட்டும் இல்லை, டிரைவர் நான்.

வண்டி கிடைப்பது சுலபம். அதை நிறுத்த இடம் கிடைப்பதுதான் தட்கல். ஸ்டேட் பார்க்கில் கடற்கரை ஓரமாக இடம் வேண்டுமென்றால் ஆறு மாசம் முன்னாடியே, காலை எட்டு மணிக்கு கம்ப்யூட்டர் முன்னால் விரலை வைத்துக்கொண்டு உட்கார வேண்டும். ஜூலைக்கு ஜனவரியில் உட்கார்ந்தேன். ஐ.ஆர்.சி.டி.சி.யில் பழகிய விரலாச்சே, கிடைத்துவிட்டது.

"எவ்வளவு தூரம்டா போறோம்?" என்றாள் அம்மா.

"வீட்லேர்ந்து ஒரு மணி நேரம்கூட இல்லம்மா."

"அதுக்கு எதுக்குடா வீட்டையே தூக்கிண்டு போறே? சாயந்தரம் திரும்பி வந்துடலாமே!"

நியாயமான கேள்வி. இதுக்கு இன்றுவரை என்னிடம் பதில் இல்லை.

முதல் ராத்திரி ஓக்லண்ட் மலைச்சரிவில் உள்ள ஆன்டனி ஷாபோ பார்க். கீழே ஏரி, மேலே யூகலிப்டஸ் காடு. சுற்றிலும் ஓக்லண்ட், சான் லியாண்ட்ரோ, கேஸ்ட்ரோ வேலி என்று ஊராக இருக்க, நடுவே இப்படி ஒரு காடு. ஏரியில் நீச்சல் கூடாது. அவசர காலத்துக்கான குடிதண்ணீர். வண்டியை விட்டு இறங்கியதும் அம்மா மூச்சை இழுத்து, "நீலகிரித் தைலம்!" என்றாள். நூறு வருஷத்துக்கு முன் மரவியாபாரம் செய்து பணக்காரராகலாம் என்று ஆஸ்திரேலியாவிலிருந்து வரவழைத்து இந்த மலையெல்லாம் நட்டார்கள். மரம் காய்ந்ததும் முறுக்கிக்கொண்டு பிளந்தது. வியாபாரம் படுத்தது, காடு மட்டும் நின்றுவிட்டது. 1991-ல் ஓக்லண்ட் மலையில் தீப்பிடித்து 25 பேர் செத்துப்போனதிலிருந்து இந்த மரத்தை வெட்டணுமா வேண்டாமா என்று இங்கே ஒரே பட்டிமன்றம். ஊட்டியிலும் இதே மரம்தான், கிட்டத்தட்ட இதே சண்டைதான்.

ஆர்.வி.க்குள் குடித்தனம் பண்ண என்னையும் என் மனைவியையும்விட அம்மாதான் லாயக்கு. மின்சாரம் 30 ஆம்பியர், 120 வோல்ட். ஆக மொத்தம் 3,600 வாட். ரைஸ் குக்கரும் மைக்ரோவேவும் ஏ.சி.யும் ஒன்றாகப் போட்டால் 'டக்'. அம்மா ஒரு தடவை பார்த்தாள். அதற்கப்புறம் ஒன்றை அணைக்காமல் இன்னொன்றைத் தொடவில்லை. தண்ணீரும் அப்படித்தான். டேங்க்கில் சுமார் 150 லிட்டர். லாரித் தண்ணீருக்குக் குடத்தை வரிசையில் வைத்தவளுக்கு அது திருவிழா! "நாலு சொம்புல நான் குளிச்சாச்சு. உன் பெண்டாட்டியைச் சீக்கிரம் வெளியே வரச் சொல்லு."

அப்பா வேறு ஒன்றைப் பிடித்துக்கொண்டார். ஃப்ரிஜ்ஜுக்குப் பக்கத்தில் ஒரு சின்னப் பலகை. அதில் வரிசையாகக் குட்டி விளக்குகள். நல்ல தண்ணீர், குளித்த தண்ணீர், டாய்லெட் என மூன்று டேங்க்கும் எவ்வளவு நிரம்பியிருக்கிறது என்று காட்டும். நகராட்சி ஆபீஸில் 34 வருஷம் குமாஸ்தாவாக இருந்தவர் அப்பா. அதில் பாதிக்கு மேல் சுகாதாரப் பிரிவில் மஸ்டர் ரோல் எழுதினார். காலையும் மாலையும் அந்தப் பலகை முன்னால் கைகட்டி நின்று ஸ்டாக் எடுத்தார். மூன்றாவது டேங்க்கில் ஒரு விளக்கு ஏறியதும் என் பையன், "தாத்தா, அது உங்களாலதான்!" என்று அறிவித்தான். அதிலிருந்து அப்பா அர்த்த ராத்திரியானாலும் டார்ச்சை எடுத்துக்கொண்டு பார்க்கின் பொதுக் கழிப்பறைக்கே நடந்தார்.

மறுநாள் ஏழு மைல் நீள சான் மெட்டியோ பாலத்தைக் கடந்து, மலையில் வளைந்து வளைந்து இறங்கி ஹாஃப் மூன் பே. பசிபிக் கடலிலிருந்து பத்து நிமிஷ நடைகூட இல்லாத இடம். ஜூலை என்று சொன்னால் கடல் ஒப்புக்கொள்ளாது. பகல் பன்னிரண்டுக்கும் மூடுபனி, ஐஸ் தண்ணீர். காலை நனைத்த அம்மா "ஆத்தாடி!" என்று ஓடி வந்துவிட்டாள். சுண்டல் இல்லை, பலூன் சுடுவது இல்லை, குதிரைக்காரன் இல்லை. ராத்திரி இரும்பு வளையத்துக்குள் விறகு மூட்டினோம். சுற்றியிருந்தவர்கள் எல்லாம் குச்சியில் மார்ஷ்மெலோ குத்திச் சுட, எங்கள் குச்சியில் அப்பளம். பக்கத்து சைட் குழந்தைகள் மூன்று, மார்ஷ்மெலோவைப் போட்டுவிட்டு அம்மாவிடம் கியூவில் நின்றன. பத்து மணிக்கு மேல் சத்தம் கூடாது என்பது சட்டம். அம்மாகூடக் குசுகுசுவென்று பேசியதை அன்றைக்குத்தான் பார்த்தேன்.

ஞாயிற்றுக்கிழமை காலை. கிளம்பும் முன் ஒரு வேலை பாக்கி இருந்தது. அதை இந்த வண்டி விளம்பரத்தில் போட மாட்டார்கள்.

டேங்க்கைக் காலி பண்ணணும். தரையில் ஒரு குழி, அதற்கு மூடி, பக்கத்தில் குழாய். வண்டியின் அடிவயிற்றில் மூன்று அங்குல ஹோஸைச் சொருகி மறுமுனையைக் குழியில் வைக்க வேண்டும். முதலில் டாய்லெட் டேங்க்கைத் திறக்கணும், அப்புறம்தான் குளித்த தண்ணீர். அந்த சோப்புத் தண்ணீர்தான் ஹோஸைக் கழுவும். வரிசை மாறக் கூடாது.

எங்களுக்கு முன்னால் நாலு வண்டி. நான் கையில் ரப்பர் கிளவுஸை மாட்டினேன். அப்பா முகம் மாறிவிட்டது.

"டேய்... நீயா செய்யப் போறே?"

"ஆமாம்ப்பா."

"இதுக்கு ஆள் கிடையாதா? ஏதாவது காசு குடுத்தா..."

"இங்கே இல்லப்பா. அவங்கவங்கதான்."

"இதுக்குத்தான் உன்னை எஞ்சினியரிங் படிக்க வெச்சேனா?"

முன்னால் பெரிய டிரைலர்காரர் ஹோஸைப் பிடித்துக்கொண்டே என் மனைவியிடம் அப்பள ரெசிபி கேட்டுக்கொண்டிருந்தார். பல் டாக்டராம். அவர் பெண், பத்து வயது இருக்கும், தண்ணீர்க் குழாயைத் திறந்து விட்டாள். வேலை முடிந்ததும் குழியைச் சுற்றிக் கழுவிவிட்டு, எங்களுக்குக் கையாட்டிவிட்டுப் போனார்கள். அப்பா கண்கொட்டாமல் பார்த்துக்கொண்டிருந்தார்.

நம் ஊரில் கையால் மலம் அள்ளுவதைத் தடுத்து 1993-ல் ஒரு சட்டம், அது போதாமல் 2013-ல் இன்னொன்று. சாக்கடைக்குள் இறங்கிச் செத்தவர் குடும்பத்துக்கு 30 லட்சம் கொடு என்று 2023-ல் சுப்ரீம் கோர்ட் சொன்னது. இன்னமும் இறங்குகிறார்கள். பேப்பரில் நாலு வரி வருகிறது.

எங்கள் முறை வந்தது. நான் குனிந்து ஹோஸை மாட்டும்போது அப்பா பின்னாலிருந்து பேச ஆரம்பித்தார். என்னைப் பார்த்துப் பேசவில்லை.

"நாப்பது பேரு. காலைல அஞ்சரைக்கு ஆஜர் எடுப்பேன். நாற்காலியைக் காத்து வர்ற பக்கமாப் போட்டுக்குவேன். அவங்க கிட்ட வந்தா பேனாவை வெச்சே தள்ளி நில்லுன்னு காட்டுவேன். பேரு மட்டும் இன்னிக்கும் ஞாபகம் இருக்கு." வரிசையாகச் சொல்ல ஆரம்பித்தார். பதினைந்து, இருபது பெயர் போயிற்று. சட்டென்று நிறுத்திவிட்டு, "இன்னொரு ஜோடி இருக்கா?" என்றார்.

கொடுத்தேன். மாட்டத் தெரியவில்லை, அம்மா வந்து விரல் விரலாக இழுத்துவிட்டாள். கழுவுகிற குழாயை அவர்தான் பிடித்தார். ஒரு சொட்டு வெளியே தெறிக்கவில்லை. முடிந்ததும் மூன்று தடவை சோப்புப் போட்டார்.

"இந்தக் கிளவுஸ் என்ன விலை?"

"ஜோடி ஆறு டாலர்."

சட்டைப்பையிலிருந்த பார்க் ரசீதின் பின்னால் பேனாவால் போட்டார். நாற்பது ஜோடி, 240 டாலர், நம்ம காசுக்கு இருபதாயிரம்.

"வருஷா வருஷம் கிளவுஸுக்கு இண்டென்ட் போடுவோம். ஃபண்ட் இல்லைன்னு திரும்பி வரும். நானும் ஃபைல்ல வெச்சுக் கட்டிடுவேன்" என்றார். கொஞ்ச நேரம் அந்த ரசீதையே பார்த்துக்கொண்டிருந்தார். "ஒரு வருஷம் கமிஷனர் ரூமுக்கு ஏ.சி. வாங்கினோம். கிட்டத்தட்ட இதே தொகைதான். அந்த ஃபைலையும் நான்தான் போட்டேன்."

பின்னால் ஹார்ன் அடிக்கவில்லை. இங்கே அடிக்க மாட்டார்கள். ஆனால் மூன்று வண்டி நின்றுகொண்டிருந்தது.

"எடுடா வண்டியை. ஜனங்க காத்துண்டிருக்காங்க" என்று அப்பா ஏறி உட்கார்ந்தார்.