மானிட்டர் வாங்குமுன் மேசையை அளந்து பாருங்கள்

வீட்டுக்கு அலமாரி வாங்கச் செல்பவர் சுவரை அளந்துகொண்டுதான் கடைக்குப் போகிறார். கம்ப்யூட்டருக்கு மானிட்டர் வாங்கச் செல்பவரோ, "இருப்பதில் பெரியது எது?" என்று கேட்டு வாங்கி வந்துவிடுகிறார். இவ்விஷயத்தில் சற்று நிதானம் தேவை என்பதற்காகவே இக்கட்டுரை.

சேத்தியாத்தோப்பில் வசிக்கும் என் தங்கை மகள், வீட்டிலிருந்தபடியே சில கடைகளுக்குக் கணக்கு எழுதித் தருகிறாள். பிள்ளைகளின் பள்ளிக் கட்டணம் அந்த வருமானத்தில்தான் நடக்கிறது. அவள் பயன்படுத்தியது, மாணவியாக இருந்தபோது அரசு வழங்கிய 14 அங்குல மடிக்கணினி. பிள்ளைகள் உறங்கியபின் அதன்முன் குனிந்து அமர்ந்தால் எழ நள்ளிரவாகிவிடும். கழுத்து வலி முற்றி, இனிக் குனிந்து பார்க்கவே கூடாது என்று மருத்துவர் கூறிவிட்டார். வேலையை விடுவதா, திரையை மாற்றுவதா என்ற நிலை. குவைத்திலிருக்கும் அவள் கணவர், "32 அங்குலமாகவே வாங்கிவிடு, பணம் அனுப்புகிறேன்" என்றார். "மாமா, நீங்கள் என்ன சொல்கிறீர்கள்?" என்று என்னைக் கேட்டாள். மேசையின் அகலம் எவ்வளவு என்று நான் திருப்பிக் கேட்டேன். சுவரை ஒட்டிய மேசை. சுவரிலிருந்து முன்விளிம்புவரை 45 சென்டிமீட்டர்தான்!

அங்குலம் என்று சொல்லப்படுவது திரையின் ஒரு மூலையிலிருந்து எதிர் மூலைவரை உள்ள குறுக்களவு. வீராணம் ஏரியின் நீளத்தை மட்டும் சொன்னால் அதன் அகலம் விளங்குமா? அதுபோலத்தான் இதுவும். பழைய கண்ணாடிக் குழாய்த் திரைகளின் காலத்தில் இந்தக் கணக்கு இன்னும் மோசம். 17 அங்குலம் என்று விற்றதில் கண்ணுக்குத் தெரிந்தது சுமார் 16 அங்குலமே. மீதி பிளாஸ்டிக் சட்டத்துக்குள் மறைந்திருந்தது. பின்னர் வந்த 19 அங்குலச் சதுரவாக்குத் திரையின் உயரம் சுமார் 30 சென்டிமீட்டர். இன்றைய 24 அங்குல அகலத் திரையின் உயரமும் ஏறத்தாழ அதுவே! கூடியதெல்லாம் அகலம்தான்.

எழுத்து வேலை செய்வோருக்கு உயரமே முக்கியம். ஏ4 தாளின் உயரம் 29.7 சென்டிமீட்டர். மடிக்கணினியின் 14 அங்குலத் திரையோ பதினேழரை சென்டிமீட்டர் உயரம்தான். அதில் பாதித் தாளைப் பார்ப்பதற்குள் உருட்ட வேண்டியிருக்கும். 24 அங்குலத்தில் முழுத் தாளும் ஏறக்குறைய அசல் அளவிலேயே தெரியும். பக்கத்தில் இன்னொரு தாளையும் வைக்கலாம். ரசீதை ஒருபுறமும் கணக்கை மறுபுறமும் வைத்துப் பதிவு செய்வோருக்கு இது பெரிய வசதி.

அப்படியானால் 32 இன்னும் நல்லதல்லவா என்பீர்கள். அதன் அகலம் 70 சென்டிமீட்டருக்கும் மேல். மானிட்டரைக் கை நீட்டினால் தொடும் தூரத்தில், அதாவது 50 முதல் 70 சென்டிமீட்டர் தள்ளி வைப்பதே வழக்கம். குறுகிய மேசையில் 32 அங்குலத்தை வைத்தால் ஓரங்களைப் பார்க்கத் தலையை இடமும் வலமும் திருப்பிக்கொண்டே இருக்க வேண்டும். கழுத்து வலிக்காக வாங்கிய பொருள் கழுத்துக்கே வினையாகிவிடும்.

இன்னொன்று, புள்ளிகள். முழு எச்.டி. எனப்படும் திரையில், அளவு எதுவானாலும், குறுக்கே 1920, நெடுக்கே 1080 புள்ளிகள்தாம். 21.5 அங்குலத்தில் ஒரு புள்ளி கால் மில்லிமீட்டர். 32 அங்குலத்தில் மூன்றில் ஒரு மில்லிமீட்டருக்கும் அதிகம். அருகிலிருந்து பார்த்தால் எழுத்தின் விளிம்பு கரடுமுரடாகத் தெரியும். மெய்யெழுத்தின் புள்ளியும், திருக்குர்ஆன் பிரதியின் ஸபர், ஸேர் குறிகளும் தெளிவாகத் தெரிய வேண்டுமெனில் புள்ளிகள் நெருக்கமாக இருக்க வேண்டும். 27 அங்குலம் வாங்க விரும்புவோர் 2560க்கு 1440 புள்ளிகள் உள்ளதைக் கேட்டு வாங்குவது நலம். ஆனால் பார்வை மங்கிய பெரியவர்களுக்கு மட்டும், மேசையில் இடமிருந்தால், முழு எச்.டி. 27 அங்குலமே ஏற்றது என்பேன். அவர்களுக்கு வேண்டியது எழுத்தின் பருமன், நேர்த்தியன்று.

தங்கை மகள் ஒரு காரியம் செய்தாள். பழைய செய்தித்தாளை 53க்கு 30 சென்டிமீட்டராக வெட்டி, மேசைக்கு மேலே சுவரில் ஒட்டி, வழக்கம்போல் நாற்காலியில் அமர்ந்து பார்த்தாள். அதன் பிறகே சிதம்பரத்துக்குப் பேருந்து ஏறி 24 அங்குலத்தை வாங்கி வந்தாள். கடைக்காரரே சுவரில் மாட்டும் தாங்கியையும் கொடுத்ததால், மேசையில் தாங்கிக்கான இடமும் மிச்சமாயிற்று.

பெட்டியில் 60.5 சென்டிமீட்டர் என்று அச்சிட்டிருந்தால் குழம்ப வேண்டாம், அது 23.8 அங்குலம், நடைமுறையில் 24தான். வாங்குமுன் உங்கள் கம்ப்யூட்டரில் எச்.டி.எம்.ஐ. துளை உள்ளதா என்று பாருங்கள். மாட்டும்போது திரையின் மேல்விளிம்பு கண்மட்டத்துக்கோ சற்றுக் கீழாகவோ இருக்கட்டும். ஜன்னல் முதுகுக்குப் பின்னால் இருந்தால் வெளிச்சம் திரையில் பட்டுக் கண் கூசும். அதைப் பக்கவாட்டில் வருமாறு மேசையைத் திருப்பிப் போட்டுக்கொள்ளுங்கள்.