ஒரு நாளைக்கு இருபது நொடி

ஆண்டு மலருக்குக் கவிதைகள் குவிந்துவிட்டன, மெக்கானிக்கல் பசங்க யாராவது உருப்படியாய் ஒரு கட்டுரை கொடுங்கப்பா என்று யூனியன் செயலாளர் வகுப்புக்கே வந்து கேட்டார். காதலைப் பற்றி எழுத எனக்கு அனுபவம் போதாது. அதனால் எங்க அப்பாவின் கைக்கடிகாரத்தைப் பற்றி எழுதுகிறேன்.

அது ஒரு சீக்கோ 5. ஆட்டோமேட்டிக். பேட்டரி கிடையாது, திருகைச் சுற்றிச் சாவி கொடுக்கவும் முடியாத மாடல். என் தாய்மாமா துபாயில் ஏழு வருஷம் கம்பி கட்டும் வேலை பார்த்துவிட்டுத் திரும்பியபோது, "மாப்பிள்ளைக்கு" என்று கொண்டுவந்து அப்பா கையில் கட்டிவிட்டது. அப்பா பள்ளிபாளையத்தில் தறி ஓட்டுகிறார். ஐந்தாவது வரை படித்தவர். எங்க குடும்பத்தில் பத்தாவதைத் தாண்டியது நான் ஒருவன்தான். எங்க வீட்டில் விலை உள்ள பொருள் என்று சொன்னால் அம்மாவின் தாலிக்கொடி, அடுத்தது அந்த வாட்ச்.

போன ஆடி மாசத்துக்கு முன்னால் அந்த வாட்ச் தாறுமாறாக ஓட ஆரம்பித்தது. ஒரு நாள் ஃபாஸ்ட், ஒரு நாள் ஸ்லோ, சில நாள் காலையில் பார்த்தால் நின்றே கிடக்கும். கடைக்குக் கொண்டுபோனோம். கடைக்காரர் பின்மூடியைக்கூடத் திறக்காமல், "மெஷின் தேஞ்சு போச்சுங்க. ஃபுல் சர்வீஸ் 1,800 ஆகும். இல்லைன்னா 500 ரூபாய்க்குக் கொடுத்துட்டுப் போங்க" என்றார். 1,800 என்பது அப்பாவின் வாரக் கூலியில் பாதிக்கு மேல். அப்பா பேசாமல் வாட்சைச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டார். பஸ்ஸில் வரும்போதுதான் கேட்டார்: "ஏன் கண்ணு, நீ மிசின் படிப்புத்தானே படிக்கிறே? இது ஏன் இப்படி ஓடுதுன்னு பார்த்துச் சொல்லேன்."

அப்பா என்னிடம் "ஃபீஸ் எவ்வளவு?" என்று கேட்டிருக்கிறார், "சாப்பிட்டியா?" என்று கேட்டிருக்கிறார். படிப்பைப் பற்றி ஒரு கேள்வி கேட்டது அதுதான் முதல் தடவை. பதில் சொல்லாமல் விட முடியுமா?

முதலில் அந்த வாட்ச் எப்படி ஓடுகிறது என்று தெரிந்துகொண்டேன். உள்ளே அரைவட்டமாக ஒரு கனமான தகடு, ரோட்டார். கை அசையும்போது அது சுற்றி மெயின் ஸ்பிரிங்கை முறுக்குகிறது. சீக்கோவில் ரோட்டார் எந்தப் பக்கம் சுற்றினாலும் சாவி ஏறும். கை அசைவால் சாவி ஏறும் கைக்கடிகாரத்துக்கு ஜான் ஹார்வுட் என்ற ஆங்கிலேயர் 1924-இல் சுவிட்சர்லாந்தில் காப்புரிமை வாங்கினார். அவரும் ஒரு வாட்ச் ரிப்பேர்காரர்தான்! மெயின் ஸ்பிரிங்கின் சக்தி பல்சக்கரங்கள் வழியாக பேலன்ஸ் வீலுக்குப் போகிறது. அந்தச் சக்கரம் முடி போன்ற ஹேர் ஸ்பிரிங்கின் துணையோடு இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் ஊசலாடுகிறது. அப்பாவின் மாடலில் மணிக்கு 21,600 தடவை. ஒரு நாளைக்கு 5,18,400 தடவை.

கம்பெனி கொடுத்திருக்கும் கணக்குப்படி இந்த வாட்ச் ஒரு நாளைக்கு 20 நொடி ஸ்லோவாகவோ 40 நொடி ஃபாஸ்டாகவோ ஓடலாம். சுவிட்சர்லாந்தில் காஸ்க் என்ற அமைப்பு 15 நாள், 5 நிலைகளில், 3 வெப்பநிலைகளில் சோதித்துச் சான்றிதழ் தருகிறது. அவர்கள் அனுமதிக்கும் சராசரிப் பிழை 4 நொடி ஸ்லோ முதல் 6 நொடி ஃபாஸ்ட் வரை. நம்ம ஹாஸ்டல் பசங்க கட்டியிருக்கும் சாதாரண குவார்ட்ஸ் வாட்சோ மாசத்துக்கே 15 நொடி அளவில்தான் தப்பும், ஏனென்றால் அதில் ஸ்படிகம் நொடிக்கு 32,768 தடவை அதிர்கிறது. "அப்புறம் எதுக்குடா அந்தப் பழைய இரும்பு?" என்று என் ரூம்மேட் கேட்டான்.

அவனுக்கு நான் போட்டுக் காட்டிய கணக்கை உங்களுக்கும் சொல்கிறேன். ஒரு நாளைக்கு 86,400 நொடி. அதில் 20 நொடி தப்பினால் பிழை 0.023 சதவீதம். லேத்தில் 100 மி.மீ. நீளத்துக்கு ஒரு ஜாப் போடுகிறோம் என்றால் 0.023 மி.மீ. பிழைக்குள் முடிப்பதற்குச் சமம். நம்ம வெர்னியரின் லீஸ்ட் கவுண்ட்டே 0.02 மி.மீ.! போன செமஸ்டரில் யார் யார் ஜாப் எவ்வளவு தப்பியது என்று இங்கே எழுத மாட்டேன், பயப்படாதீர்கள். நாம் ஒரு தடவை போட்டுவிட்டு மார்க் வாங்கிக்கொண்டு போய்விடுகிறோம். அது ஒரு சொட்டு மின்சாரம் இல்லாமல், வெறும் கை அசைவில், தினமும் போடுகிறது.

சரி, அப்பாவின் கேள்விக்கு வருவோம். 40 பக்க நோட்டு ஒன்று எடுத்தேன். இந்த மாடலில் திருகை இழுத்தாலும் நொடிமுள் நிற்காது. அதனால் தினமும் இரவு 9 மணிக்கு நொடிமுள் 12-ஐத் தொடும் சமயம் செல்போனில் எத்தனை நொடி என்று பார்த்து எழுத வேண்டியதுதான். கடைசியில் ஒரு கட்டம் சேர்த்தேன்: 'இன்று எங்கே இருந்தது'. நான் விடுதியில் இருந்த நாட்களில் எட்டாவது படிக்கும் என் தங்கச்சி எழுதினாள்.

காந்தம் ஏறியிருக்குமோ என்றும் பார்த்தோம். ஸ்பீக்கர் பெட்டி மேல் வாட்சை வைத்தால் ஹேர் ஸ்பிரிங்கில் காந்தம் ஏறி, சுருள்கள் ஒன்றோடொன்று ஒட்டிக்கொள்ளும். ஸ்பிரிங் நீளம் குறைந்த மாதிரி ஆகி வாட்ச் நிமிஷக் கணக்கில் ஃபாஸ்டாக ஓடும். சின்னத் திசைகாட்டி ஒன்றைப் பக்கத்தில் கொண்டுபோனேன். முள் அசையவில்லை. வெயிலும் காரணமாக இருக்குமோ என்று நினைத்தேன். சாதாரண எஃகு ஸ்பிரிங் சூட்டில் தளரும், உண்மைதான். ஆனால் நிக்கல் கலந்த எஃகுகளை ஆராய்ந்து இதற்கு வழிகாட்டிய சார்லஸ் கியோமுக்கு 1920-லேயே இயற்பியல் நோபல் பரிசு கொடுத்துவிட்டார்கள். இன்றைய வாட்சில் அது சில நொடி விஷயம்.

இரண்டு வாரம் ஆனதும் நோட்டே பேசியது. ஆடிப் பண்டிகைக்குத் தறி நிறுத்திய நாட்களிலும் ஞாயிறுகளிலும்: +19, +21, +20, +22. தறிக்குப் போன நாட்களில்: −41, +8, −26, அப்புறம் 'நின்று விட்டது'. கடைசிக் கட்டத்தில் தங்கச்சி கோணல் எழுத்தில் எழுதியிருந்தாள்: 'ஆணி'.

விஷயம் இதுதான். சங்கிலி ஸ்ட்ராப்பில் நூல் மாட்டுகிறது என்று அப்பா தறிக்குப் போனதும் வாட்சைக் கழற்றிச் சுவரில் உள்ள ஆணியில் மாட்டிவிடுவார். 12 மணி நேரம். வீட்டுக்கு வந்து குளித்ததும் அலமாரியில் வைத்துவிடுவார். ஆக வாட்ச் கையில் இருப்பது சைக்கிளில் போய் வரும் நேரம் மட்டும். முழுச் சாவியில் சுமார் 40 மணி நேரம் ஓடக்கூடியது அரைவயிற்றுக் கஞ்சியோடு ஓடிக்கொண்டிருந்தது. சாவி இறங்கினால் பேலன்ஸ் வீலின் வீச்சு குறையும். வீச்சு குறைந்தால் வாட்ச் எந்த நிலையில் இருக்கிறது என்பது பெரிதாகத் தெரியும். படுத்திருந்தால் ஒரு வேகம், ஆணியில் தொங்கினால் வேறு வேகம். மெஷின் தேயவில்லை. பட்டினி கிடந்தது, அவ்வளவுதான்.

தறி ஓடும்போது கட்டிக்கொள்ளுங்கள் என்று சொல்ல முடியாது, கைக்கே ஆபத்து. அதனால் காலையும் இரவும் ஐந்து நிமிஷம் வாட்சைப் படுக்கை வாட்டில் மெதுவாக ஆட்டுவது தங்கச்சியின் வேலை ஆனது. மூன்று வாரம் பார்த்தோம். +17-க்குக் கீழே போகவில்லை, +22-ஐத் தாண்டவில்லை.

மெட்ராலஜி படித்தவர்களுக்கு இதன் அருமை தெரியும். தினமும் ஏறக்குறைய ஒரே அளவு தப்புகிற கருவியைத் திருத்த முடியும், நாளுக்கு ஒரு விதமாய்த் தப்புகிறதை நம்பவே முடியாது. பேலன்ஸ் வீலுக்கு மேலே ரெகுலேட்டர் என்று ஒரு சின்ன நெம்புகோல் இருக்கிறது. அதை மயிரிழை நகர்த்தினால் ஹேர் ஸ்பிரிங்கின் வேலை செய்யும் நீளம் மாறும். இருபதைப் பூஜ்யத்துக்குப் பக்கத்தில் கொண்டுவந்துவிடலாம். வேறொரு பெரியவர் 200 ரூபாய்க்குச் செய்து தருகிறேன் என்றார். ஆர்வத்தோடு வந்து அப்பாவிடம் சொன்னேன்.

அப்பா நோட்டை வாங்கி, விரலை வைத்து ஒவ்வொரு வரியாகப் பார்த்தார். "அப்போ வாரத்துக்கு ரெண்டு நிமிசத்துக்குக் கொஞ்சம் மேல முன்னால போகுது. ஞாயித்துக்கிழமை முள்ளைத் தள்ளி வெச்சாப் போதுமில்ல? எவ்வளவு தப்புதுன்னு தெரிஞ்ச பொறவு அதை எதுக்குக் கண்ணு தொறக்கணும்?" என்றார்.

ஜீரோ எரரை அளந்து கழித்துக்கொள் என்று லேபில் எங்களுக்கு ஒரு முழு வகுப்பு எடுத்தார்கள்! இருந்தாலும் எனக்கு இன்னும் அந்தப் பின்மூடியைத் திறந்து பார்க்க ஆசைதான். அப்பா விடுவதாக இல்லை. நோட்டு இப்போது ரேஷன் கார்டு இருக்கும் டப்பாவில் இருக்கிறது.

உங்கள் வீட்டிலும் இப்படி ஒரு சீக்கோவோ பழைய எச்.எம்.டி. ஆட்டோமேட்டிக்கோ கிடந்தால், கடைக்குப் போவதற்கு முன் இரண்டு வாரம் எழுதிப் பாருங்கள். 'எங்கே இருந்தது' கட்டத்தை விட்டுவிடாதீர்கள். இன்னொன்று: இரவு 9 மணியிலிருந்து அதிகாலை 4 மணி வரை திருகைத் திருப்பித் தேதியை மாற்றாதீர்கள். தேதியைத் தள்ளும் பற்கள் அந்த நேரத்தில் இணைந்திருக்கும், உடைந்தால் அப்புறம் உண்மையாகவே கடைக்குத்தான் போக வேண்டும்.

இரண்டாம் ஆண்டு, மெக்கானிக்கல்