மூடாத அலகு

ஊசுடு ஏரியில் நத்தைகுத்தி நாரையை முதன்முதலாகப் பார்க்கிறவர்கள் பெரும்பாலும் இதைத்தான் கேட்பார்கள்: "அதுக்கு வாய் ஏன் சரியா மூடல?" அலகின் நுனி சேர்ந்திருக்கும், நடுவில் மட்டும் இடைவெளி. குஞ்சுகளுக்கு இது கிடையாது. வளர வளரத்தான் வருகிறது. மென்பொருள் எழுதுகிறவனுக்கு உடனே தோன்றும் சந்தேகம்: இது பிழையா, ஏற்பாடா? கீழலகின் கூர்நுனியை ஓட்டுக்குள் விட்டு நத்தையின் சதையை அது உருவி எடுப்பதைப் பார்த்தால் சந்தேகம் தீர்ந்துவிடும்.

நாரைகளுக்குக் குரல் ஏறக்குறைய இல்லை. அலகைத் தட்டித்தான் பேச்சு. வெயில் ஏறினால் தன் கால்மேலேயே எச்சமிட்டு, அந்த ஈரம் உலர்வதில் உடம்பைக் குளிர்வித்துக்கொள்ளும். கூட்டில் குஞ்சிருந்தால் சிறகை விரித்து நிழலாக நிற்கும்.

2008இல் புதுச்சேரி அரசு ஊசுடுவைச் சரணாலயமாக அறிவித்தது. ஏரியின் இன்னொரு பகுதி தமிழ்நாட்டில் இருக்கிறது. நாரைக்கு எல்லை தெரியாது, நத்தை இருக்கும் இடம்தான் தெரியும். அந்த நத்தை ஏரியில் மட்டுமா இருக்கிறது? தண்ணீர் நிற்கும் நெல்வயலிலும்தான். ஏரிக்குச் சட்டம் உண்டு. மனையாகிற வயலுக்கு? நான் குடியிருக்கும் தெருவும் ஒருகாலத்தில் வயல்தான். மழைக்காலத்தில் இன்னமும் தண்ணீர் நிற்கும். நாரைதான் வருவதில்லை.